அம்மாயி தைத்த பக்கங்கள்

"இது பைண்டு போட்டப்பத் தெச்ச நூல் இல்லீங்களேம்மா" என்றார் பைண்டர்.

கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர் கடை. ஒரு மேசை, புத்தகத்தை இறுக்கிப் பிடிக்கும் மரச்சட்டம், ஓரத்தில் ஆறிக்கொண்டிருக்கும் மைதாப் பசை. மயில்துத்தம் கலந்திருந்ததால் பசை இலேசாக நீலம் பாரித்திருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான் செய்வார்கள். நான் கொண்டுபோயிருந்தது பெரியபுராண உரை, ஏழு தொகுதிகள். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும், ஓடிப்போய் அட்டாலியிலிருந்து நான் இறக்கிவந்த ஒரே பொருள் அதுதான்.

அவர் கையில் இருந்த தொகுதியின் முதுகு விட்டுப்போய்த் தாள்கள் உதிரியாகக் கிடந்தன. நடுவில் ஒரு விரற்கடைக் கனத்துக்கு மட்டும் பிரியவில்லை. திறக்கிற ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, கோணி ஊசியால் குத்திக் குத்திப் போட்ட தையல். நூல் சாம்பல் நிறமாகிவிட்டது. பைண்டர் நகத்தால் நெம்பிப் பார்த்தபோது, இரண்டு தாளுக்கு நடுவே அது பழைய மஞ்சளாகவே இருந்தது.

"ஆரோ தெரியாமத் தெச்சுட்டாங்களாட்ட இருக்குதுங். பிரிச்சு உட்டறட்டுங்களா?"

புத்தகத்தை வாங்கி முகத்தருகே வைத்தேன். வசம்பு. அதற்கடியில் மஞ்சள். அறுபது வருசத்துக்கு முந்திய ஒரு மத்தியானத்தின் வாசம் அது.

"நாளைக்கு வந்து சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புச்சி ஊர் அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில். பருத்தியும் சோளமும் போடுகிற மேட்டுக்காடு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நாங்கள் எல்லோரும் அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடுகளைக் கட்டுத்தறியில் பிடித்துக் கட்டியானதும், ஆசாரத்தில் பாய் விரித்து அரிக்கேன் விளக்கு ஏற்றுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், நெசவுக்காரர் இரண்டு பேர், ஒறம்பரைக்கு வந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். அப்புச்சி பெரியபுராணம் படிப்பார். பாட்டை ராகத்தோடு இழுத்து, உரையை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, அப்புறம் தன் சொந்தப் பழமையைச் சேர்ப்பார்.

அந்த உரை மேல் அப்புச்சிக்கு ஒரு பெருமிதம் உண்டு. எழுதியவர் சி.கே. சுப்பிரமணிய முதலியார், கோவை வக்கீல், சிவக்கவிமணி என்று பட்டம் பெற்றவர். கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யோடு நெருங்கிப் பழகியவர். 1930களின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருசம் அந்த உரைக்கே தன்னைக் கொடுத்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுக்கு அவர் உரை எழுத, கோவைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. "சேக்கிழார் பொறந்தது குன்றத்தூரு, பாடுனது சோழன் காலத்துல. அதுக்கு இத்தன பெரிய உரை எழுதோணும்னா நம்ம கோயமுத்தூரு வக்கீலு வரவேண்டியிருந்துது பாத்தீங்களா" என்பார். பருத்தி விற்ற காசில், தொகுதி வரவர வாங்கிச் சேர்த்தவர் அவர்.

கோயிலில் கேட்கிறவர்களுக்குப் பெரியபுராணம் பக்தி நூல். வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட எனக்கு அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற புத்தகம். கண்ணப்பர் தன் கண்ணைத் தோண்டுவார். அரிவாட்டாயர் தன் கழுத்தில் அரிவாளை வைப்பார். சண்டேசர் தகப்பனின் காலை வெட்டுவார். கோயில் பூவை மோந்ததற்காகச் செருத்துணையார் அரசியின் மூக்கை அறுப்பார். பூவை எடுத்த கையல்லவா முதலில் வெட்டவேண்டியது என்று சொல்லி, புருசனே அந்தக் கையை வெட்டுவான்.

கோட்புலியார் கதை வந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த நெல்லைப் பஞ்ச காலத்தில் எடுத்து உண்டதற்காக, அவர் தன் சுற்றத்தார் அத்தனை பேரையும் வாளுக்கு இரையாக்குகிறார். ஒரு பச்சைக் குழந்தை மிஞ்சுகிறது. இது சோறு உண்ணாத பிள்ளை, குடிக்கு இது ஒன்றுதான், விட்டுவிடுங்கள் என்று காவல்காரன் கெஞ்சுகிறான். சோறு உண்டவளின் பாலைக் குடித்ததல்லவா என்று அதையும் வெட்டுகிறார். அப்புச்சி நிறுத்தினார். ஆசாரத்தில் ஒருவரும் பேசவில்லை. தூணில் சாய்ந்திருந்த அம்மாயிதான் கேட்டாள்.

"ஏனுங், அந்தக் கொழந்தைய எழுப்பி உட்டாராங்க?"

"எல்லாரும் மேலோகம் போயிட்டாங்கன்னு இருக்குது."

"அதெப்புடிங்? பெத்தவ மேலோகமா கேட்டா?"

அப்புச்சி விளக்கின் திரியைச் சிறிது தூண்டினார். பிறகு அடுத்த பாட்டுக்குப் போனார்.

அம்மாயி அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். என் அம்மாவுக்கு இளையவனாக ஒரு தம்பி இருந்தான், என் சின்ன மாமன். ஐந்து வயசில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். உச்சி வெயில் நேரம், கவலை இறைத்து முடித்து மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லோரும் சோற்றுக்குப் போயிருந்த பொழுது. அப்போது என் அம்மாவுக்குப் பத்து வயசு. தம்பியைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்களாம். அம்மா இதை எனக்கு ஒரே ஒருமுறை சொன்னாள், அதுவும் அவளுக்கு எழுபது வயசுக்கு மேல்.

இதனால்தான் சிறுத்தொண்டர் கதை வருகிற வெள்ளிக்கிழமை அம்மாயி ஆசாரத்தில் இருக்கமாட்டாள். மாட்டுக்குத் தவிடு கலக்கவேண்டும் என்று எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போய்விடுவாள். படிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகுதான் உள்ளே வருவாள். தெரியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வைரவ அடியார் வேடத்தில் வருகிற சிவன், சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்கிறார். பிள்ளைக்கு ஐந்து வயசு இருக்க வேண்டும். குடிக்கு ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும். தாய் பிடிக்க, தகப்பன் அறுக்க, இருவரும் மனம் மகிழ்ந்து சமைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போன சீராளனை அழைத்துவருகிறார்கள். தாய் அவன் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பனும் ஆத்தாளும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரிக்கிறது.

பெரிய மாமா கழகத்துக்காரர். ஈரோடும் பெரியாரும் எங்களுக்குத் தூரமில்லை. பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் கொளுத்த வேண்டுமா என்பதைப் பற்றி 1943இல் அண்ணா சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதாடியது 'தீ பரவட்டும்' என்று புத்தகமாக வந்திருந்தது. மாமா அதைத் தலைமாட்டில் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை படிப்பு நடக்கும்போது வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, கேட்காதவர்போலக் கேட்பார். ஒருநாள் அப்புச்சி, "பிள்ளைங்கறது பற்று. பற்ற அறுக்கறதுதான் இதுக்குள்ளாற இருக்கற கருத்து" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"பற்ற அறுக்கறதுக்குக் கத்தி எதுக்குங்கய்யா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "கருத்த மட்டும் சொல்லிப்போட்டுப் போலாமல்லங்?"

அன்று நடந்த சண்டைக்குப் பிறகு அப்பனும் மகனும் மூன்று மாசம் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடும்போது அம்மாயிதான் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு பேர் மேலும் அவளுக்குக் கோபம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. ஒருவர் விளக்குகிறார், ஒருவர் கொளுத்தச் சொல்கிறார். அவள் கேட்டதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு எட்டு வயசு நடந்த வருசம் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகியிருந்தேன். அப்புச்சிக்குச் சந்தோசம் தாளவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இனி உரைய நீ படி கண்ணு" என்று சொல்லிவிட்டார். நாலைந்து வாரம் நான்தான் படித்தேன். சாக்கிய நாயனார் கல் எறிந்தது வந்தது, சிறப்புலியார் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குச் சிறுத்தொண்டர்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்புச்சி சந்தைக்குப் போயிருந்தார். அம்மாயி என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"அந்தப் புள்ளையோட கத எங்க தொடங்குது? காட்டு சாமி."

காட்டினேன்.

"எங்க முடியுது?"

அதையும் காட்டினேன். இரண்டு இடத்திலும் துளசி இலை வைத்துக்கொண்டாள். அம்மிக்குப் பக்கத்தில் மஞ்சள் அரைத்த கிண்ணம் இருந்தது. நூலை அதில் முக்கி நிழலில் காயப்போட்டாள். புத்தகமும் சாமிதானே, வெள்ளை நூல் ஆகாது என்றாள். பத்துப் பத்துத் தாளாகப் பிடித்துக் கோணி ஊசியை ஏற்றினாள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தையல். அத்தனை தாளுக்குள் ஊசி இறங்காதபோது குழவிக்கல்லால் தட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூட்டை தைக்கிற முகத்தோடுதான் செய்தாள். முடித்ததும் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிச் சாமி மாடத்தில் வைத்து, ஒரு பூவும் வைத்தாள்.

"உன்ற வாயில அது வரவேண்டாங்கண்ணு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் எனக்குக் கை நடுங்கியது. காட்டிக்கொடுத்தவள் நான். அப்புச்சி விளக்கைப் பக்கத்தில் இழுத்து, துளசி இலை இருந்த இடத்தில் திறக்கப் பார்த்தார். வரவில்லை. தையலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். அம்மாயி அன்றைக்குப் பொடக்காணிக்குப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தது கேட்டது. அப்புச்சி அந்தக் கனத்தை அப்படியே மொத்தமாக அடுத்த பக்கம் புரட்டிப் போட்டு, புத்தகத்தை என் முன்னால் தள்ளினார்.

"கழறிற்றறிவார் புராணம். படி கண்ணு."

சேரமான் பெருமாள் கதை. நான் படித்தேன். அப்புச்சி இருந்தவரை அந்தத் தையலைப் பிரிக்கவுமில்லை, அதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவுமில்லை. வருசா வருசம் அந்த இடம் வந்ததும் புரட்டிப் போட்டுவிட்டுப் போவார். மாமாவும் அதற்குப் பிறகு அந்தக் கதையை வைத்து அவரோடு வாதாடவில்லை.

அம்மாயி காத்திருந்த இடம் வேறு. அது கடைசிச் சருக்கம், வெள்ளானைச் சருக்கம். பெரியபுராணம் முடிகிற இடத்தில் சுந்தரர் எங்கள் அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம் கேட்கிறது. எதிர்வீட்டில் அழுகை. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகக் குளத்துக்குப் போய், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்குத்தான் இன்று பூணூல். போன பிள்ளையின் தாய் தகப்பன் சுந்தரர் காலில் விழுகிறார்கள். ஆனால் கேட்பது பிள்ளையை அல்ல, உங்களைப் பார்க்கக் கொடுத்து வைத்தோம் என்கிறார்கள். சுந்தரர் குளக்கரையில் நின்று பாடுகிறார், முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. ஐந்து வயசில் போன பிள்ளை, இடையில் போன வருசங்களின் வளர்த்தியோடு வருகிறான்.

"வயசோட வந்தானாமா" என்று அம்மாயி ஒவ்வொரு வருசமும் புதிதாகக் கேட்பதுபோலச் சொல்வாள்.

பங்குனி உத்திரத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டி அவிநாசிக்குப் போவோம். கோயிலுக்கு முன்னால் இருக்கிற கல் விளக்குத்தூணின் அடியில், முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற சிற்பம் இருக்கிறது. அம்மாயி முதலில் அதைத்தான் தொட்டுக் கும்பிடுவாள். கும்பிட்ட கையோடு விரல் மடக்கிக் கணக்குப் போடுவாள். நூல் தைத்த அடுத்த பங்குனியில் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "இருந்திருந்தா இருவத்தி நாலு."

சந்நிதியில் அவள் கும்பிட்ட விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அது சண்டை. அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் சுந்தரரிடமிருந்து பொன்னையும் பொருளையும் வேடர்களை விட்டுப் பறிக்கவைத்தவரும் இதே சிவன்தான் என்பது கதை. சுந்தரர் பாடிக் கேட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. அம்மாயி அதை அவிநாசியப்பரிடம் எடுத்துச் சொல்வாள். "பூண்டியில களவாண்டதத் திருப்பிக் குடுத்தயல்ல? இந்த ஊர்லயே அடுத்தவ புள்ளையக் குடுத்தயல்ல? என்றது எங்க?" குருக்கள் தீபாராதனைத் தட்டோடு காத்து நிற்பார். கேட்டு முடித்துவிட்டுத் தீபத்தை ஒற்றிக்கொண்டு, கருணாம்பிகை சந்நிதிக்குப் போய்விடுவாள். அங்கே சண்டை கிடையாது. அங்கே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்.

கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தபோதுதான் சிறுத்தொண்டர் புராணத்தை முதல்முறையாக முழுக்கப் படித்தேன், நூலகத்துப் பிரதியில். சேக்கிழார் மேல் எனக்கு இருந்த பயம் அன்று குறைந்தது. பிள்ளையின் சிரிப்பை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. தலைக்கறி ஆகாது என்று தாய் ஒதுக்கிக் கொடுத்ததை, விருந்தாளி கேட்டாலும் கேட்பார் என்று முன்கூட்டியே சமைத்து வைக்கிற சந்தனத் தாதியையும் விடவில்லை. படிக்கிறவர்கள் சுலபமாகக் கடந்து போய்விடக் கூடாது என்று நினைத்த ஒருவர் எழுதியது அது. கதை முடிவில் மகனைக் கூப்பிடச் சொல்கிறார் விருந்தாளி. கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வருவதுபோலச் சீராளன் ஓடிவருகிறான்.

லீவுக்குப் போனபோது, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அம்மாயியிடம் சொன்னேன். "அம்மாயி, கடைசீல அவன் ஓடி வந்தர்றான். நீங்க அது தெரியாமத் தெச்சுப்போட்டீங்க."

சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வருவான்னு எனக்குந் தெரியுங்கண்ணு. உங்கப்புச்சி நானு கட்டிட்டு வந்த வருசத்துல இருந்து படிக்கறாரு. வந்ததுக்கப்பறம் அவன் அவிய ஆத்தா மடியில தலவெச்சுத் தூங்கியிருப்பானா? அத ஆராவது எழுதியிருக்கறாங்களா, பாத்துச் சொல்லு."

எழுதவில்லை. எல்லோரையும் சிவன் உடன் அழைத்துக்கொண்டதாகப் புராணம் முடிந்துவிடுகிறது. கேள்விக்கு நேரமே கொடுக்காமல் முடிந்துவிடுகிறது என்று இப்போது தோன்றுகிறது.

நான் கோவையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். அப்புச்சி பாணியில்தான் பாடம் நடத்துவேன். எறிபத்தர் கதை எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அது நம் கொங்குநாட்டுக் கதை, கருவூர் ஆனிலைக் கோயிலில் நடந்தது. சிவகாமியாண்டார் சாமிக்குக் கொண்டுபோன பூக்கூடையைப் பட்டத்து யானை பிடுங்கிச் சிதறுகிறது. எறிபத்தர் மழுவோடு ஓடிவந்து யானையையும், பாகரும் குத்துக்கோற்காரருமாக ஐந்து பேரையும் வெட்டிச் சாய்க்கிறார். அதை வீரமாகச் சொல்லிக்கொண்டே பல வருசம் ஓட்டினேன்.

1997 நவம்பர் கடைசியில் கோவையில் ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் பதினெட்டுப் பேர் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். ஆர்.எஸ்.புரத்திலும் உக்கடத்திலும் கோவை அரசு மருத்துவமனை வாசலிலும் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மறுபடி திறந்தபோது என் வகுப்பில் ஒரு பையன் மொட்டை போட்டு வந்திருந்தான். அப்பா வேலைக்குப் போன இடத்தில் போய்விட்டார். இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தவன் வீட்டுக் கடையை நவம்பரில் எரித்திருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து எறிபத்தர். விட்டுவிடலாம் என்றுதான் போனேன். பிறகு, விட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரியும் என்று நடத்தினேன். யானையை வெட்டியது வரை வந்தேன். மொட்டை போட்ட பையன் கேட்டான்.

"யானைதானுங்க டீச்சர் தப்புப் பண்ணுச்சு. பாகனுங்கள எதுக்குங்க வெட்டுனாரு?"

அடக்காமல் விட்டதற்காக என்று புராணம் சொல்லும். அந்தப் பதிலை என்னால் அவனிடம் சொல்ல முடியவில்லை. அதுவரை நான் வேகமாகக் கடந்துபோன இடத்துக்குப் போனேன். புகழ்ச்சோழன் படையோடு வருகிறான். கொன்றவன் கண்முன்னால் தனியாக நிற்கிறான். என் ஆட்கள் என்ன பிழை செய்தார்கள் என்று அரசன் கேட்கிறான். சொன்னதும், அப்படியானால் என் மேலும் பிழை உண்டு, என்னையும் வெட்டு என்று தன் வாளை நீட்டுகிறான். அந்த வாளை வாங்கிய எறிபத்தருக்குக் கை தளர்ந்து போகிறது. இப்படிப்பட்டவனின் ஆட்களையா கொன்றேன் என்று தன் கழுத்திலேயே அதை வைக்கிறார். திருப்பி வெட்டப் பலம் உள்ளவன் குனிந்த இடத்தில்தான் அன்றைக்கு வெட்டு நின்றது. இதை அதற்கு முன்னால் நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

"அந்தப் பாகனுங்க எந்திரிச்சாங்களா டீச்சர்?"

"எந்திரிச்சாங்க. யானையும் எந்திரிச்சுது."

உட்கார்ந்துகொண்டான். அந்த வருசம் முழுக்க அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

ஆசிரியைகள் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு முஸ்லிம். நவம்பருக்குப் பிறகு வீட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்தவர். பக்ரீத் சமயத்தில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் இப்ராஹீம் நபி மகனைப் பலியிடத் துணிந்ததைச் சொன்னார், நான் சீராளனைச் சொன்னேன். பைபிளிலும் இதே கதை உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க குர்ஆன்ல அப்பா மகன்கிட்டக் கேக்கறாரு டீச்சர். இப்படிக் கனவு கண்டேன், நீ என்ன நினைக்கறேன்னு. உங்க கதைல அந்தப் பிள்ளைகிட்ட ஆரும் கேக்கலீல்ல?" அப்புறம் தன் பையைத் துழாவிக்கொண்டே, "கேட்டதுனால எனக்கு மனசு ஆறிருச்சுன்னு இல்ல. ஆடு வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வராது" என்றார். அம்மாயி இருந்திருந்தால் இவரை விட்டுப் பிரிந்திருக்கமாட்டாள்.

ஓய்வு பெற்றபின் ஒரு சுற்றுலாவில் பாதாமிக்குப் போனேன். நம் வாதாபி. சிவந்த மணற்கல் பாறைகளுக்கு நடுவே பெரிய குளம். படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லவ நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரைப் பிடித்ததற்குச் சாட்சியாக ஒரு பாறையில் அவன் கல்வெட்டு இருக்கிறது. சிறுத்தொண்டர் அடியார் தொண்டுக்கு வருமுன் பரஞ்சோதியாராகப் படையோடு வந்து அழித்த நகரம் இதுதான். யானைகளும் பொன்னும் மணியும் கொண்டுபோனார் என்று புராணம் பெருமையாகச் சொல்லும். நான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பைகளோடு பிள்ளைகள் கரைமேல் ஓடிவந்தார்கள். இந்த ஊரில் அன்றைக்கு ஐந்து வயசுப் பிள்ளைகள் எத்தனை இருந்திருக்கும்! அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சேக்கிழார் இந்தக் குளத்தையும் அந்த வீட்டையும் முடிச்சுப் போடவில்லை. என்னால் முடிச்சுப் போடாமல் இருக்க முடியவில்லை. ஊரை அழித்தவன் வீட்டுக்கு வந்து, உன் பிள்ளையைக் கொடு என்று கேட்ட சாமி, எதை அவனுக்குத் தெரியவைக்க வந்தது? அப்புச்சியிடம் கேட்டிருந்தால் இல்லாத கருத்தை ஏற்றாதே என்பார். மாமா, அப்படியும் கத்தி எதற்கு என்பார். எனக்கு இன்றும் அந்தப் படிக்கட்டு நினைவு வருகிறது.

காவிரிக் கடைமடையில், சிறுத்தொண்டரின் திருச்செங்காட்டங்குடியில், சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா நடக்கிறது. பிள்ளை வேண்டும் பெண்கள் அந்தப் பிரசாதத்தை வாங்கி உண்கிறார்கள். பிள்ளையை அறுத்த கதையிலிருந்து பிள்ளை வரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அம்மாயி ஊசி எடுத்ததுபோல, அவர்கள் இதை எடுத்தார்கள்.

ஆசாரத்துப் படிப்பெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. அப்புச்சி போனபின் ஒரு வருசம் மாமாதான் படித்தார் என்றால் நம்பமாட்டீர்கள். சாமி கும்பிடாத மாமா, அம்மாயி கேட்டாள் என்பதற்காக விளக்கைப் பக்கத்தில் வைத்து வெள்ளானைச் சருக்கம் மட்டும் படித்தார். ராகம் வராது, செய்தி வாசிப்பதுபோல வாசித்தார். அம்மாயி கண்ணை மூடிக் கேட்டாள். இப்போது சொற்பொழிவெல்லாம் கைப்பேசியில் வருகிறது. என் பேத்தி காதில் மாட்டிக்கொண்டு அதையும் கேட்கிறாள், வேறு எதையும் கேட்கிறாள். இடையில் எழுந்து பொடக்காணிக்குப் போகிறவர்கள் யார் என்று சொல்பவருக்குத் தெரியாது.

மறுநாள் பைண்டர் கடைக்குப் போனேன்.

"தையலத் தொடாதீங்க. அதையும் சேத்து அப்படியே பைண்டு போட்ருங்க."

"அந்தப் பக்கத்தத் தொறக்க முடியாதுங்களேம்மா?"

"முடியாதுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தையல் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, மற்ற ஓரங்களைச் சீர்செய்து கொடுத்தார். பழைய நூல் இற்றுப்போகாமல் இருக்கத் தன் பசையை விரலால் தொட்டு மேலே ஒரு பூச்சும் பூசியிருந்தார். கேட்காமலே செய்தது.

இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பேத்தியோடு அவிநாசிக்குப் போயிருந்தேன். வண்டியும் கட்டுச்சோறும் இல்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். விளக்குத்தூணின் அடியில் கல் முதலையின் வாயையும் பிள்ளையின் தலையையும் யாரோ எண்ணெய்க் கையால் தடவிவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டேன். என் விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின.

"என்ன அம்மாயி எண்ணறீங்க?" என்றாள் பேத்தி.

"என்ற சின்ன மாமனுக்கு வயசு. இருந்திருந்தா எம்பத்தஞ்சு."